நோன்பு மாதத்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ரமலானுக்கு முந்தின மாதமான ஷஃபானில் பிறை பதினைந்தைத் தாண்டிவிட்டால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. நாத்தனார் மகள், மூன்றாம் மாடி அக்கா, மகனோடு படிக்கும் பையனின் அம்மா, துபாயில் இருக்கும் கொழுந்தன் என்று ஆள்தான் மாறும், கேள்வி மாறாது. போன வருஷம் சொன்னதையே இந்த வருஷமும் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

நான் மார்க்கக் கல்வி படித்த ஆலிமா இல்லை. பிறந்தது தேனிப் பக்கம் ஒரு ராவுத்தர் வீடு; ஹனஃபி மத்ஹப், அதாவது மார்க்கச் சட்டத்தில் அந்த வழி. வாழ்க்கைப்பட்டது ராமநாதபுரக் கடற்கரையில் ஒரு ஷாஃபிஈ வீடு. இப்போது குடியிருப்பது கோயம்புத்தூர். ஒரே சந்தேகத்துக்கு அம்மா வீட்டில் ஒரு பதிலும் மாமி வீட்டில் ஒரு பதிலும் கேட்டுப் பழகியவள். எங்கே இரண்டும் பிரிகின்றனவோ அங்கே இரண்டையும் சொல்லியிருக்கிறேன். நோய், மருந்து, நகை, கடன் என்று உங்கள் வீட்டு நிலவரம் கலந்த விஷயங்களை உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

ரம்ஜானா, ரமலானா? எப்படிச் சொன்னா சரி?

எப்படிச் சொன்னாலும் புரியும். அரபு எழுத்தான 'ளாத்' தமிழ் நாக்கில் ல, ள, ஜ என்று பலவிதமாக விழுகிறது. உருது வழியாக வந்தது ரம்ஜான். அரபியை ஒட்டி எழுதுகிறவர்கள் ரமலான், ரமளான் என்பார்கள். எங்கள் வீடுகளில் பேச்சில் இரண்டுமே அவ்வளவாக வராது. 'நோன்பு வருது', 'நோன்பு முடிஞ்சு கல்யாணம் வச்சுக்கலாம்' என்றுதான் பேசுவோம். தொழுகை, பள்ளிவாசல், பெருநாள் மாதிரி நோன்பும் நல்ல பழைய தமிழ்ச்சொல்.

ஒவ்வொரு வருஷமும் தேதி மாறிக்கிட்டே இருக்கே, ஏன்?

ஹிஜ்ரி நாட்காட்டி பிறையை வைத்து ஓடுவது. மாதத்துக்கு 29 அல்லது 30 நாள், வருஷத்துக்கு 354 அல்லது 355 நாள். ஆங்கில வருஷத்தைவிடப் பத்து, பதினோரு நாள் குறைவு என்பதால் ஒன்பதாவது மாதமான ரமலான் ஒவ்வொரு வருஷமும் அவ்வளவு முன்னால் வந்து நிற்கிறது. எல்லாப் பருவங்களையும் சுற்றிவர ஏறக்குறைய 33 வருஷம் ஆகும்.

1985ல் மே மாதப் பின்பாதியில் நோன்பு தொடங்கியது. எனக்கு நினைவில் இருக்கும் முதல் நோன்பு அதுதான். அம்மா ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் படுத்திருப்பார். 2018ல் அதே மே மாதப் பின்பாதிக்கு நோன்பு திரும்பி வந்தபோது நான் அதே மாதிரி படுத்திருந்தேன். இப்போது குளிர்காலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. 2030ல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று என்று ஒரே ஆங்கில வருஷத்தில் இரண்டு ரமலான் தொடங்கும்.

நாளைக்கு நோன்பா இல்லையான்னு ராத்திரி வரைக்கும் தெரியமாட்டேங்குதே. காலண்டர்ல போட்டிருக்கே, அதப் பாத்தாப் போதாதா?

காலண்டரில் இருப்பது கணிப்பு. பிறை பார்த்து நோன்பு வையுங்கள், பிறை பார்த்து விடுங்கள், மேகம் மறைத்தால் முப்பதாக நிரப்பிக்கொள்ளுங்கள் என்பது நபிமொழி. ஷஃபான் 29ஆம் நாள், சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபுக்குப் பிறகு மேற்கே பிறை தெரிந்தால் அன்று இரவே ரமலான். தெரியவில்லை என்றால் ஒரு நாள் கழித்து. நம்மூரில் தலைமை காஜியின் அறிவிப்பை எதிர்பார்த்துத்தான் பெரும்பாலான பள்ளிவாசல்கள் காத்திருக்கின்றன.

சவூதிப் பிறையை எடுப்பவர்கள், கணக்கை எடுப்பவர்கள் என்று வேறு தரப்புகளும் உண்டு. ஒரே தெருவில் இரண்டு நாள் பெருநாள் கொண்டாடியதை நானே பார்த்திருக்கிறேன். யார் சரி என்று இங்கே தீர்த்துவைக்க எனக்குத் தகுதியில்லை. ஒரு வீட்டுக்குள் அடிதடி வேண்டாம், உங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்தோடு போங்கள் என்பது மட்டும்தான் என் பேச்சு. மற்றபடி அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடிக்கும். பிள்ளைகள் மொட்டைமாடியில் நின்று விமானத்தின் விளக்கைக் காட்டி 'அதோ பிறை' என்று கத்துவதெல்லாம் காலண்டர் பார்த்தால் கிடைக்காது.

நோன்பு நாளைக்குத்தானே ஆரம்பம், அப்புறம் ஏன் இன்னைக்கு ராத்திரியே தராவீஹ் தொழப் போறாங்க?

இஸ்லாமிய நாள் சூரியன் மறைந்ததும் தொடங்குகிறது. முதலில் இரவு, பிறகு பகல். பிறை தெரிந்த இரவே ரமலானின் முதல் இரவு என்பதால், ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் முந்திக்கொள்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இருபத்தேழாம் இரவுக் கணக்குக்கு வேண்டும்.

நோன்பு வர்றதுக்கு முன்னாடி வீட்ல என்னென்ன தயார் பண்ணி வைக்கணும்?

முதலில் பழைய பாக்கி. போன ரமலானில் விட்டுப்போன நோன்புகள் இருந்தால் ஷஃபானுக்குள் பிடித்து முடியுங்கள். காரணமே இல்லாமல் அடுத்த ரமலான் வரை தள்ளிப்போட்டால் ஷாஃபிஈ முறையில் களாவோடு, அதாவது விட்டதைப் பின்னால் பிடிப்பதோடு, நாளுக்கு ஒரு ஏழைக்கு உணவும் சேர்ந்துகொள்ளும். ஹனஃபியில் களா மட்டும்.

பிறகுதான் அடுப்படி. அம்மா காலத்தில் பாய்களைத் துவைத்துக் காயப்போடுவது, அரிசி மாவு வறுப்பது, மல்லியும் மிளகாயும் மில்லுக்குக் கொண்டுபோவது என்று பத்து நாள் வேலை. நான் செய்வது குறைவு. இஞ்சி பூண்டு விழுது அரைத்துச் சின்னச் சின்ன டப்பாவில் ஃப்ரீசரில் வைப்பேன். சமோசா மடித்து அடுக்கிவிடுவேன், முப்பது நாளுக்கு அல்ல, வாரம் இரண்டு நாளுக்கு. நன்னாரி சர்பத் இரண்டு பாட்டில், பேரீச்சை மூன்று கிலோ. பெருநாள் துணியை ஷஃபானிலேயே எடுத்துத் தைக்கக் கொடுத்துவிட்டால் கடைசிப் பத்து நாளில் கடைவீதியில் நிற்கவேண்டாம். இது ஒன்றைச் செய்தாலே பாதி ரமலான் மிச்சம்.

தண்ணி கூடவா குடிக்கக் கூடாது? ஒரு வாய் கூடவா?

ஆமாம், தண்ணீரும்தான். வைகறை வெளுத்ததிலிருந்து சூரியன் மறையும் வரை உணவு, தண்ணீர், புகை, தாம்பத்தியம் எதுவும் கிடையாது. நம் ஊரில் பருவத்தைப் பொறுத்து ஏறக்குறைய பன்னிரண்டரை மணி முதல் பதினாலு மணி நேரம் வரும். லண்டனில் ஜூன் மாதம் நோன்பு விழுந்தால் பதினெட்டு மணி நேரத்தைத் தாண்டும். அதைக் கேட்ட பிறகு என் மகன் 'ம்மா, கோயம்புத்தூரே போதும்' என்றான்.

நிய்யத்த வாயால சொன்னாத்தான் நோன்பு கூடுமா? தராவீஹ் போகாதவங்க என்ன பண்றது?

நிய்யத் என்பது மனதின் முடிவு. 'இந்த வருஷத்து ரமலான் மாதத்தின் ஃபர்ளான (கடமையான) நோன்பை நாளை பிடிக்க நிய்யத்துச் செய்கிறேன்' என்று பள்ளிவாசலில் சொல்லிக்கொடுப்பது அந்த முடிவை நாக்கிலும் ஏற்றுவதற்கு. விடியும் முன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து சாப்பிடும்போது 'நாளைக்கு நோன்பு' என்ற நினைப்பு இருந்தாலே நிய்யத் வந்துவிட்டது.

ஷாஃபிஈயில் ஒவ்வொரு இரவும், வைகறைத் தொழுகையான ஃபஜ்ருக்கு முன்பே நிய்யத் இருக்கவேண்டும். ஹனஃபியில் ரமலான் நோன்புக்கு முற்பகல் வரை சலுகை உண்டு. மாமி வீட்டில் இதனாலேயே படுக்கப்போகும் முன் ஒருவரை ஒருவர் 'நிய்யத்து வச்சாச்சா' என்று கேட்டுக்கொள்வார்கள்.

சஹருக்கு எந்திரிக்க முடியல, அப்படியே நோன்பு வச்சிடலாமா?

வைக்கலாம், நோன்பு கூடும். ஆனால் சஹரில் பரக்கத் (அருள்வளம்) இருக்கிறது, விடாதீர்கள் என்று நபி (ஸல்) சொல்லியிருக்கிறார்கள். ஒரு பேரீச்சை, ஒரு டம்ளர் தண்ணீர் என்றாலும் எழுந்து சாப்பிடுங்கள். முன்பெல்லாம் பக்கீர்ஷாக்கள் தாயிரா தட்டிப் பாடிக்கொண்டே தெருவில் எழுப்பிக்கொண்டு போவார்கள். இப்போது வீட்டில் ஐந்து போனில் ஐந்து அலாரம். ஐந்தையும் அணைத்துவிட்டுத் தூங்குகிறோம்.

பாங்கு சொல்லும்போது வாயில சோறு இருந்தா முழுங்கலாமா, துப்பணுமா?

பாங்கு ஃபஜ்ர் நேரம் நுழைந்ததற்கான அறிவிப்பு. நேரம் நுழைந்துவிட்டால் துப்பிவிட வேண்டும் என்பதுதான் இரண்டு மத்ஹபிலும் நிலை. பாங்கு முடியும் வரை சாப்பிடலாம் என்ற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, அதை விடுங்கள். நேர அட்டையில் சஹர் முடிவு என்று சில நிமிடம் முன்னால் போட்டிருப்பதே இந்தத் தடுமாற்றம் வராமல் இருக்கத்தான்.

விடியவில்லை என்று நினைத்துச் சாப்பிட்டு, பிறகு ஃபஜ்ர் நுழைந்துவிட்டது தெரிந்தால் அன்று முழுக்க நோன்பாளியாகவே இருந்துவிட்டுப் பின்னால் ஒரு நோன்பு களாச் செய்யவேண்டும்.

டிவியில பாங்கு சொன்னதும் நோன்பு திறக்கலாம்ல?

எந்த ஊர் பாங்கு என்று பாருங்கள். இதில் நாங்கள் அடிபட்டிருக்கிறோம். கோயம்புத்தூர் வந்த முதல் வருஷம், புது ஏரியா, பள்ளிவாசல் சத்தம் கேட்காது. டிவியில் சென்னை நேரத்துக்குப் பாங்கு ஒலித்ததும் பேரீச்சையைக் கடித்துவிட்டோம். என் கணவர் பால்கனிக்குப் போனவர், 'என்னம்மா இது, சூரியன் இன்னும் நிக்குது' என்றார்.

பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம். சென்னைக்கும் கோவைக்கும் தீர்க்கரேகையில் மூன்று பாகைக்கு மேல் வித்தியாசம். அதனால் இங்கே மஃரிபு சராசரியாகச் சென்னையைவிடப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் தாமதம். அந்த ஒரு நோன்பை நாலு பேரும் ரமலானுக்கு அடுத்த மாதமான ஷவ்வாலில் களாச் செய்தோம். உங்கள் ஊர் ஜமாஅத் அச்சடித்துக் கொடுக்கும் நேர அட்டையை, பின்பக்கம் ஜவுளிக்கடை விளம்பரம் போட்டிருக்குமே அதை, ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

நோன்புக் கஞ்சி வீட்ல வச்சா பள்ளிவாசல் ருசி வரமாட்டேங்குதே, என்ன ரகசியம்?

ரகசியம் அண்டாவும் விறகும் நேரமும். மதியத் தொழுகையான லுஹருக்கே அடுப்பு மூட்டி, பிற்பகல் தொழுகையான அஸர் வரை கிண்டுகிறார்கள். நாம் குக்கரில் மூன்று விசில் வைத்துவிட்டு அந்த ருசியைக் கேட்கிறோம்.

வீட்டுக்கு என் கணக்கு: பச்சரிசி நொய் ஒரு டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளர், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, மூன்றையும் அரைமணி நேரம் ஊறவையுங்கள். எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், பிறகு வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, ஒரு கைப்பிடி புதினா மல்லி, நூறு கிராம் கொத்துக்கறி. கறி நிறம் மாறியதும் மஞ்சள்தூள், கொஞ்சம் மிளகாய்த்தூள், எட்டு டம்ளர் தண்ணீர். கொதித்ததும் அரிசி பருப்பைப் போட்டு, மூடாமல் சின்னத் தீயில் குழையவிடுங்கள். இறக்கும்போது கெட்டித் தேங்காய்ப்பால். வெந்தயத்தைக் குறைக்காதீர்கள், நாள் முழுக்கக் காய்ந்த வயிற்றுக்கு அது குளிர்ச்சி. இரண்டு ஊரிலும் சாப்பிட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்: அம்மா வீட்டுக் கஞ்சியில் மசாலா தூக்கல், மாமி வீட்டுக் கஞ்சியில் தேங்காய்ப்பால் தூக்கல். எது நல்லது என்று இரண்டு வீட்டிலும் நான் இதுவரை வாய் திறந்ததில்லை.

பள்ளிவாசல்களுக்குக் கஞ்சி காய்ச்ச 2001 முதல் தமிழக அரசு பச்சரிசி கொடுத்துவருகிறது. மற்றதெல்லாம் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு நாள் ஏற்றுக்கொள்வது. 2020 கொரோனா ரமலானில் அண்டா ஏறவில்லை. அரிசி வீடு வீடாக வந்தது. அந்த வருஷம்தான் எங்கள் அடுக்ககத்தில் பாதிப் பேர் கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

நாங்க முஸ்லிம் இல்ல. பள்ளிவாசல்ல போய் கஞ்சி வாங்கலாமா? உங்க முன்னாடி சாப்பிட்டா தப்பா?

தாராளமாக வாங்கலாம். அஸருக்குப் பிறகு தூக்குவாளியோடு போய் நில்லுங்கள், யார் என்ன என்று யாரும் கேட்கமாட்டார்கள். காய்ச்சல் வந்த பிள்ளைக்கு இந்தக் கஞ்சிதான் ஒத்துக்கொள்கிறது என்று மூன்றாம் மாடி அக்கா வருஷா வருஷம் வாங்குகிறார்.

எங்கள் முன்னால் சாப்பிடுவதில் தப்பே இல்லை. டிபன் பாக்ஸை மறைத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடவேண்டாம். மதியம் மீட்டிங் வைத்தால் மட்டும் சீக்கிரம் முடியுங்கள், நாலு மணிக்கு மேல் எங்களுக்கு வார்த்தை வராது.

நோன்போட சமைக்கிறப்ப உப்பு பாக்கலாமா லாத்தா?

தேவை இருந்தால் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம். தொண்டைக்குள் இறங்கக்கூடாது. தேவையில்லாமல் செய்வது மக்ரூஹ், அதாவது விரும்பத்தகாதது. நான் நோன்பு பிடிக்காத சின்ன மகளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன். அவள் உப்புப் பார்க்கிறேன் என்று இரண்டு வடையை முடித்துவிடுவாள்.

எச்சில் முழுங்கினா? பல் வெளக்கினா? ஊசி போட்டா? கண்ணுல மருந்து விட்டா?

சொந்த எச்சிலை விழுங்கினால் ஒன்றும் ஆகாது. நாள் முழுக்கத் துப்பிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. மிஸ்வாக் குச்சியால் பல் விளக்கலாம், ஷாஃபிஈயில் மதியத்துக்கு மேல் அது விரும்பத்தகாதது. பேஸ்ட் உள்ளே போய்விடும் என்ற பயம் இருப்பதால் சஹர் சாப்பிட்டதும், ஃபஜ்ருக்கு முன்பே விளக்கிவிடுங்கள்.

கண் சொட்டு மருந்து, இரத்தப் பரிசோதனை இவற்றால் நோன்பு முறியாது. சத்துக்காக ஏற்றும் குளுக்கோஸ் அல்லாத சாதாரண ஊசியும் முறிக்காது என்பதே பெரும்பாலான ஆலிம்களின் தீர்ப்பு. ஆஸ்துமா இன்ஹேலரில் ஆலிம்களிடையே இரண்டு பேச்சு. பலர் முறியும் என்கிறார்கள். மூச்சு வாங்கும்போது அதை யோசித்துக்கொண்டிருக்காமல் முதலில் அடித்துக்கொள்ளுங்கள், நோன்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாந்தி தானாக வந்தால் முறியாது, விரலை விட்டு எடுத்தால் முறியும்.

மறந்துபோய் வயிறு நெறைய சாப்பிட்டுட்டேன். நோன்பு போச்சா?

போகவில்லை. மறந்து சாப்பிட்டவருக்கு அல்லாஹ்வே உணவூட்டினான், அவர் நோன்பை முழுமையாக்கட்டும் என்பது ஹதீஸ். நினைவு வந்த நொடியில் வாயில் இருப்பதைத் துப்பிவிட்டு நோன்பைத் தொடருங்கள். 'எப்படியும் போச்சு' என்று நினைத்து மதியச் சாப்பாட்டையும் முடித்தால் அது மறதி இல்லை.

எம் பொண்ணுக்கு ஏழு வயசு. நோன்பு வைக்கணும்னு அடம் பிடிக்கிறா, விடலாமா?

கடமையாவது பருவமடைந்த பிறகுதான். அதற்கு முன் பழக்கம். முதலில் வாரக் கடைசியில் ஒன்று, அதுவும் மதியம் வரை. எங்கள் வீட்டில் பன்னிரண்டு மணிக்கு 'நோன்பைக் கழற்றி ஆணியில் மாட்டு, சாப்பிட்டுட்டு எடுத்துக்கோ' என்பார் அம்மா. நாங்களும் உண்மையிலேயே ஆணியைத் தொட்டுவிட்டு வந்து சாப்பிடுவோம். சாயந்திரம் இரண்டு நோன்பு பிடித்ததாகக் கணக்குச் சொல்வோம்.

குழந்தை முகம் வாடினால் திறக்கச் சொல்லுங்கள். 'இவ்வளவு நேரம் இருந்துட்டே, இன்னும் ரெண்டு மணி நேரம்தானே' என்று இழுக்காதீர்கள். முதல் முழு நோன்பு பிடித்த அன்று மாலை போட்டுப் பெரியவர்கள் காசு கொடுப்பது சந்தோஷம்தான். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளையை விரட்டுவதுதான் எனக்குப் பிடிக்காதது.

பத்தாவது, பன்னெண்டாவது பரீட்சை நோன்புல வருதே, விட்டுட்டு அப்புறம் பிடிச்சுக்கலாமா?

பரீட்சை மட்டும் நோன்பை விடுவதற்கான காரணமாகாது. நோயும் பயணமும்தான் குர்ஆனில் பேர் சொல்லிக் குறிப்பிடப்படுகின்றன. அதே வசனத்தில்தான் அல்லாஹ் உங்களுக்கு இலகுவை நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை என்றும் வருகிறது. நோன்பு வைத்துப் போய் மயக்கம் வந்தால் திறந்துவிடலாம், பிறகு களா.

செய்யக்கூடியது நேரத்தை மாற்றுவது. சஹருக்குப் பிறகு தூங்காமல் அந்த இரண்டு மணி நேரத்தில் படிக்கச் சொல்லுங்கள். சாயந்திரம் படிப்பு ஏறாது. தராவீஹுக்குப் பின் அரட்டையை நிறுத்திப் படுக்கவைத்தாலே போதும். என் மகன் இயற்பியல் பரீட்சையை நோன்போடு எழுதினான். மதிப்பெண் குறைந்ததற்கு நோன்பு காரணமில்லை என்று அவனே ஒத்துக்கொண்டான்.

அத்தாவுக்கு (அப்பாவுக்கு) சுகர். நோன்பு வைப்பேன்னு பிடிவாதம். என்ன பண்றது?

ரமலானுக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சிலருக்கு வைக்கலாம், சிலருக்கு வைக்கவே கூடாது. இன்சுலின் போடுபவர்கள், சிறுநீரகம் பாதித்தவர்கள், அடிக்கடி சுகர் இறங்குகிறவர்கள் ஆபத்தான வரிசையில் வருவார்கள். பலர் செய்யும் தப்பு, காலை மாத்திரையை சஹருக்கும் இரவு மாத்திரையை நோன்பு திறக்கும் இஃப்தாருக்கும் தாங்களே மாற்றிப் போட்டுக்கொள்வது. அளவையே மாற்றவேண்டி வரும், அது டாக்டர் வேலை.

விரலில் குத்திச் சுகர் பார்த்தால் நோன்பு முறியாது. 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ உடனே நோன்பைத் திறக்கச் சொல்வது மருத்துவ வழிகாட்டுதல். எங்கள் அத்தா மஃரிபுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது வியர்த்து உட்கார்ந்துவிட்டார். சர்பத்தைக் கொடுத்தால் வாயை மூடிக்கொள்கிறார். ஹஜ்ரத்துக்கே போன் போட்டுக் காதில் வைத்தேன். 'பாவா, இப்ப குடிக்கிறதுதான் மார்க்கம்' என்றார் அவர். அதற்குப் பிறகுதான் குடித்தார்.

நன்னியால (பாட்டியால) நோன்பு வைக்க முடியல, அழுறாங்க. என்ன சொல்லித் தேத்துறது?

முதுமையாலும் தீராத நோயாலும் வைக்க முடியாதவர்களுக்கு ஃபித்யா உண்டு. விடுபட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்கு உணவு. பிறகு களா வேண்டாம். அளவை உங்கள் ஜமாஅத்தில் கேளுங்கள், இரண்டு மத்ஹபிலும் வேறுபடும்.

தேற்றுவதற்கு வார்த்தையைவிட வேலை உதவும். எங்கள் நன்னிக்குக் கடைசி வருஷங்களில் பேரீச்சையைக் கொட்டை எடுத்துத் தட்டில் அடுக்குவது, மணி பார்த்து எங்களை எழுப்புவது இரண்டும்தான் பொறுப்பு. நோன்பாளியை எழுப்புவதும் நன்மைதானே என்று அவரே சொல்லிக்கொள்வார்.

மாசாந்திர நாள்ல நோன்பு கிடையாதுன்னு தெரியும். ஆனா வீட்ல ஆம்பளைங்க முன்னாடி எப்படிச் சாப்பிடறது?

அந்த நாட்களில் நோன்பு வைக்கக்கூடாது, பின்னால் களாச் செய்யவேண்டும். விடுபட்ட தொழுகைக்குக் களா இல்லை. மஃரிபுக்கு ஐந்து நிமிடம் முன்னால் தொடங்கினாலும் அன்றைய நோன்பு போய்விடும், களா உண்டு.

சாப்பிடும் விஷயம். எத்தனை பெண்பிள்ளைகள் அண்ணன் தம்பிக்குப் பயந்து சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பழைய சோற்றை விழுங்குகிறார்கள், நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பாளி மாதிரி நடிக்கிறார்கள்! அல்லாஹ் விடச் சொன்னதை விடுவதில் என்ன வெட்கம்? என் மகனுக்குப் பதின்மூன்று வயதில் நானே சொல்லிவிட்டேன். இப்போது தங்கை சாப்பிட்டால் அவன் ஏன் என்று கேட்பதில்லை.

புள்ளத்தாச்சி, பால் குடுக்கற அம்மா வைக்கலாமா?

முடிந்தால் வைக்கலாம், தனக்கோ பிள்ளைக்கோ கெடுதல் என்று பயந்தால் விடலாம், களாச் செய்யவேண்டும். பிள்ளைக்காக மட்டும் விட்டால் ஷாஃபிஈயில் களாவோடு ஃபித்யாவும் சேரும். ஹனஃபியில் களா மட்டும்.

ஊருக்குப் போறப்ப நோன்பை விடலாமா? இப்பத்தான் ஏசி ட்ரெயின் இருக்கே.

ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்கு மேல் போனால் பயணச் சலுகை உண்டு, ஏசி இருந்தாலும் உண்டு. ஆனால் விடியும் முன்பே ஊர் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும். காலை பத்து மணிக்குக் கிளம்புகிறவர் அன்றைய நோன்பை வைத்துத்தான் ஆகவேண்டும். சிரமமில்லை என்றால் வைப்பதே மேல்.

கொழுந்தன் துபாய்ல நோன்பு ஆரம்பிச்சு இங்க வந்தார். 30 முடிஞ்சுபோச்சு, இங்க இன்னும் பெருநாள் வரல. இப்ப என்ன?

எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊரோடு. இங்கே எல்லாரும் நோன்பாக இருந்தால் அவருக்கு அது 31ஆவது நோன்பு. தலைகீழாக, இங்கே ஒரு நாள் தாமதமாகத் தொடங்கி அங்கே போனவருக்கு 28லேயே பெருநாள் வந்துவிட்டால், அங்குள்ளவர்களோடு பெருநாள் கொண்டாடிவிட்டுப் பிறகு ஒன்றைக் களாச் செய்யவேண்டும். மாதம் 28 நாளாக இருக்கவே முடியாது. விமானத்தில் இருந்தால் ஜன்னலில் தெரியும் சூரியன்தான் கணக்கு. கீழே ஊரில் பாங்கு சொல்லியிருந்தாலும் உங்கள் கண்ணுக்குச் சூரியன் தெரிந்தால் காத்திருங்கள்.

தராவீஹ் இருபதா எட்டா? பொம்பளைங்க எங்க தொழறது?

எங்கள் இரண்டு வீடுகளிலும் இருபது ரக்அத், அதாவது தொழுகையில் இருபது சுற்று. எட்டுத் தொழும் பள்ளிவாசல்களும் உண்டு. பெண்கள் வீட்டில் தொழலாம். கடற்கரை ஊர்களில் பெண்களுக்கென்றே தைக்கா என்ற தொழுமிடங்கள் இருக்கின்றன. தராவீஹ் முடிந்து தெரு நிறையப் பெண்களும் பிள்ளைகளுமாக நடந்து வருவதைக் கல்யாணமான முதல் வருஷம் வாயைப் பிளந்து பார்த்தேன்.

நாள் பூரா அடுப்படியிலயே போகுது. குர்ஆன் ஓதவே நேரம் இல்ல. இது எல்லா வீட்லயும் இப்படித்தானா?

பெரும்பாலான வீட்டில் இப்படித்தான். இந்தக் கேள்வி என்னிடம் வரும்போது மட்டும் எனக்குக் கோபம் வரும், கேட்டவர்மேல் அல்ல. நோன்பு கேட்பது பேரீச்சையும் தண்ணீரும். கஞ்சி, வடை, சமோசா, கடல்பாசி, இரண்டு வகைச் சர்பத், அதற்குமேல் பரோட்டா கறி என்று கேட்பது நாம்.

எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு: கஞ்சியோடு எண்ணெய்ப் பலகாரம் ஒன்றே ஒன்று. அஸருக்குப் பிறகு ஆண்பிள்ளைகள் பழம் நறுக்கித் தட்டு அடுக்கவேண்டும், சஹர் பாத்திரம் கணவர் கழுவவேண்டும். மாமி முதல் வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் வருஷம் அவரே குர்ஆனை எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்கு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இருபத்தேழாம் கிழமை எந்த ராத்திரி? இருபத்தேழாவது நோன்பு திறந்த அப்புறமா?

இல்லை. இரவு முந்தி வரும் என்று தராவீஹ் கேள்வியில் சொன்னேனே, அதன்படி 26ஆவது நோன்பு திறந்த பின் வருவதுதான் 27ஆம் இரவு. லைலத்துல் கத்ர் என்ற மகத்தான இரவைக் கடைசிப் பத்தின் ஒற்றை இரவுகளில் தேடச் சொல்லியிருக்கிறார்கள். 21, 23, 25, 27, 29. நம் ஊரில் 27ஐ மட்டும் பிரியாணியோடு கொண்டாடிவிட்டு மற்ற நான்கில் கடைவீதிக்குப் போய்விடுகிறோம்.

நகைக்கு ஜகாத் உண்டா? போட்டிருக்கற நகைக்குமா?

ஜகாத் என்ற கட்டாயத் தானம் ஹனஃபியில் போட்டிருப்பதற்கும் உண்டு. ஷாஃபிஈயில் வழக்கமான அளவில் அணியும் நகைக்கு இல்லை. சேமிப்பாக வாங்கிப் பூட்டி வைத்ததற்கு உண்டு. வரம்பு 85 கிராம் தங்கம், நம் பேச்சில் பதினோரு பவுன் என்பார்கள். அதை எட்டி ஒரு சந்திர வருஷம் கையில் இருந்தால் மொத்தத்துக்கும் இரண்டரை சதவீதம், வரம்புக்கு மேலே உள்ளதற்கு மட்டும் அல்ல. இருபது பவுனுக்கு அரைப் பவுன் மதிப்பு.

இது ரமலானில்தான் கொடுக்கவேண்டும் என்றில்லை. உங்கள் வருஷம் எப்போது நிறைகிறதோ அப்போது. நான் அம்மா வழியில் போட்டிருப்பதற்கும் கொடுக்கிறேன். மாமி, 'குடுக்கறது நல்லதுதானே, நான் ஏன் தடுக்கப்போறேன்' என்றார்.

பித்ரா அரிசியாக் குடுக்கணுமா, காசாவா? பெருநாள் ராத்திரி பொறந்த பிள்ளைக்கும் உண்டா?

பித்ரா என்பது பெருநாளுக்காக ஏழைக்குக் கொடுக்கும் தானம். ஷாஃபிஈயில் நாம் உண்ணும் தானியமாகவே, ஆளுக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ அரிசி. ஹனஃபியில் கோதுமைக் கணக்கில் மதிப்பைக் காசாகவும் கொடுக்கலாம். ஜமாஅத் தொகையை அறிவிக்கும். இரண்டிலும் பெருநாள் தொழுகைக்கு முன் கைக்குப் போய்ச் சேரவேண்டும். பெருநாள் அன்று எந்த ஏழை வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும் என்பதற்காகத்தானே இது. ஏழைக்கு 27ஆம் இரவிலேயே கொடுத்தால் அவரும் துணி எடுக்கலாம்.

பிள்ளை கேள்வி என் கொழுந்தன் வீட்டில் நிஜமாகவே வந்தது. மஃரிபுக்குப் பிறகு பிறந்தால் ஷாஃபிஈயில் பித்ரா இல்லை, ஹனஃபியில் பெருநாள் ஃபஜ்ருக்குள் பிறந்தால் உண்டு. ஏழேகால் மணிக்குப் பிறந்தான். மாமனாரான வாப்பா, பித்ரா கிடையாது என்றார், என் அத்தா உண்டு என்றார். கொழுந்தன் இரண்டரைக் கிலோ அரிசியைக் கட்டி ஆஸ்பத்திரி வாசலில் இருந்தே அனுப்பிவிட்டார்.

ஆறு நோன்பு பெருநாள் மறுநாளே தொடங்கணுமா? களாவையும் அதையும் சேத்து வச்சுக்கலாமா?

ரமலான் முடிந்து வைக்கும் இந்த ஆறை ஷவ்வால் மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம், தொடர்ந்தும் விட்டுவிட்டும். பெருநாள் அன்று மட்டும் நோன்பு வைக்கவே கூடாது. களாவையும் இதையும் ஒரே நிய்யத்தில் சேர்ப்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபியில் சேராது, ஷாஃபிஈ ஆலிம்களில் நன்மை கிடைக்கும் என்பவர்கள் உண்டு. பெண்களுக்கு வழக்கமாக ஆறேழு களா இருக்கும். நான் களாவை முதலில் முடித்துவிட்டு, ஷவ்வாலில் நாள் மிச்சமிருந்தால் ஆறை வைப்பேன். போன வருஷம் நாலுதான் முடிந்தது.